நயினார் கட்டிய நிலைவாசல்

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. அச்சுப்பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

குருவின் பெயர் நல்லசிவம். மேற்கு மலையடிவாரத்தில், ஓடை ஓரமாக, தானே கட்டிக்கொண்ட ஒரு மண் குடிசையில் பதினோரு வருடமாக இருந்து வந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. கட்டம் போட்ட சாரத்தைக் கட்டிக்கொண்டு காலையில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடுவார். மாலையில் ஓடையில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் அவரைச் சாமி என்றார்கள். வேண்டாம் என்று சில நாள் சொல்லிப் பார்த்தார், பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

சீடரின் பெயர் ஆறுமுகநயினார். பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருடம் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். சந்தேகம் கேட்கத்தான் வருவார். கேட்ட கையோடு பதிலையும் தானே சொல்லிவிட்டு, திருப்தியாகத் திரும்பிப் போவார். குருவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நயினார் வழக்கத்துக்கு மாறாக, பதில் தெரியாத ஒரு கேள்வியோடு வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் கட்டின கட்டடத்துல எல்லாம் வேற யாரோ இருக்காங்க. வேற யாரோ கட்டினதுலதான் நான் இருந்தேன். பதினேழு குவார்ட்டர்ஸ் சாமி. ஒரே ஒரு குடிசை என் கையால கட்டி, உங்க பக்கத்துல, இந்த மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்னு தோணுது. இருக்கலாமா?"

நல்லசிவம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டைக் காட்டினார். ஊர்க்காரர் ஒருவர் சாமிக்கென்று விட்டுக்கொடுத்த நிலம் அது.

"கல்லு கொஞ்சம் கிடக்கு. மண்ணு நிறையக் கிடக்கு. ஆரம்பிங்க."

நயினார் ஆரம்பிக்கவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மதினி என்ன சொல்லுதாங்க?" என்று நயினாரின் மனைவியைப் பற்றிக் கேட்டார் குரு.

"ஆவுடை ஒரே பேச்சா முடிச்சுட்டா. கட்டி முடிங்க, ஒரு நாள் வந்து பார்க்கேன், மனசுக்கு ஒட்டுச்சுன்னா பெட்டியோட வாரேன், ஒட்டலைன்னா பாளையங்கோட்டையில தங்கச்சி வீட்டு மாடியில நான் இருந்துக்கிடுதேன், நீங்க உங்க சாமியோட இருங்கன்னுட்டா."

"நியாயம்தான்."

"நியாயம்தான் சாமி. ஆனா அவ இல்லாம என்னால இருக்க முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவத்துக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப இன்னைக்கே கூட்டிட்டு வந்து இடத்தைக் காட்டிருங்களேன்."

"அது மட்டும் வேண்டாம் சாமி. முடிச்சுட்டுத்தான் காட்டணும். அவ அப்பிடியே அசந்துபோயிரணும்."

குரு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கீரைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நயினார் ஒரு வேன் நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினார். ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல்கண்டு, நூறடி டேப், சுருட்டிய வரைபடங்கள் மூன்று. வாரநாள்களில் குருவின் குடிசையிலேயே தங்கிக்கொண்டு, ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போய் வருவதாக ஏற்பாடு.

நல்லசிவம் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. இதுல மலை எங்க இருக்கு?"

"மேற்கால சாமி. அதை வரையல."

"ஓடை?"

"அதையும் வரையல."

குரு வரைபடத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, "அந்த டேப்பைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். நயினார் கொடுத்தார். குருவின் சுரைக்கொடி பந்தலேற வழியில்லாமல் தரையில் படர்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பந்தல்காலோடு டேப்பால் சுற்றி, இறுக்கமாக முடிச்சுப் போட்டார்.

"ரெண்டு நாளா ஒரு கயிறு தேடிக்கிட்டு இருந்தேன்."

"சாமி! அப்ப நான் எதை வச்சு அளப்பேன்?"

குரு அவர் கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை தடவிக் காட்டினார்.

"இதை வச்சு. உங்க உடம்புதான் இனி உங்களுக்கு அளவு. எங்கேயும் மறந்து வச்சுட்டு வர முடியாதுல்லா."

நயினாருக்கு அது பிடித்துப்போயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி அன்று முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் முழம்போட்டு அளந்துகொண்டு திரிந்தார். நீளம் பதினான்கு முழம், அகலம் எட்டு என்று முடிவாயிற்று. படுக்கும் மேடைக்குத் தரையில் தானே மல்லாந்து படுத்து, தலைக்கும் காலுக்கும் கோடு கிழித்தார். ஜன்னலுக்கு நின்று பார்த்து, தன் கண்மட்டத்தில் குச்சி நட்டார்.

அஸ்திவாரத்துக்கு ஓடைக்கல் சுமந்தார். செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்தார். முதல் நாள் அரை மணி நேரம் மிதித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பத்தாவது நாள் கணக்கு தலைகீழாகியிருந்தது.

மண்சுவரைப் படை படையாகத்தான் எழுப்ப வேண்டும். ஒரு படை காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஆனால் நயினார் எல்லாவற்றுக்கும் முடிவு தேதி போட்டுப் பழகியவர். முதல் படை வைத்தார், மறுநாளே இரண்டாவது வைத்தார், அதற்கு மறுநாள் மூன்றாவதும் வைத்துவிட்டார். சாயங்காலம் வடக்குச் சுவர் மெல்ல வயிறு தள்ளி, பெருமூச்சு விட்டமாதிரி சரிந்தது.

சத்தம் கேட்டு நல்லசிவம் ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்தபடி வந்து நின்றார்.

"சுவர் விழுந்துட்டு போலிருக்கே அண்ணாச்சி."

"விழல சாமி. உட்கார்ந்துட்டு."

"அதுக்கும் களைப்பா இருக்கும்லா" என்று சொல்லி, மீதி இருந்த பாதிப் பழத்தை நயினார் கையில் கொடுத்தார்.

"ஒரு படை காய எத்தனை நாள் ஆகும் சாமி? சரியாச் சொல்லுங்க."

"என்கிட்ட கேட்டா எப்பிடி? மண்ணைக் கேளுங்க."

நயினார் மண்ணைக் கேட்கப் பழகினார். காலையில் எழுந்ததும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி இருந்தால் இன்னும் காயவில்லை. அப்படிக் காயாத நாள்களில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சும்மா இருக்க நேர்ந்தது. முதலில் நரக வேதனையாகத்தான் இருந்தது. பிறகு, மலையின் நிழல் எந்த நேரத்தில் ஓடையைத் தொடுகிறது என்று பார்த்தார். ஒரு குளவி அவர் மிதித்த சேற்றிலிருந்தே உருண்டை உருண்டையாக எடுத்துப் போய்ப் பாறைக்கடியில் ஒட்டுவதைப் பார்த்தார். அது ஒரு நடைக்கு எவ்வளவு எடுக்கிறது என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டு, குருவிடம் வந்து சொன்னார்.

"நம்ம மண்ணைத் திருடுது சாமி."

"அது ஒரு நடை எடுத்ததுக்கு நீங்க ஒரு பகல் முழுக்க வேடிக்கை எடுத்துக்கிட்டீங்கள்லா."

தினம் மாலை ஆறு மணிக்கு நயினார் பாறை மேல் ஏறி நிற்பார். அங்கேதான் செல்போனில் பேச முடியும். ஆவுடையம்மாள் எதுவரை கட்டியிருக்கிறது என்று கேட்கமாட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தாரா, ரத்த அழுத்த மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேட்பாள். அவர் பேசி முடித்து இறங்கி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

பங்குனியில் நிலைவாசல் வைக்கும் நாள் வந்தது. வேப்பமரச் சட்டம். இரண்டு பக்கக் கால்களும் தலைக்கட்டையும்தான், கீழே படிக்கட்டை கிடையாது. கால்களை ஒரு முழம் தரைக்குள் இறக்கிப் புதைப்பதென்று ஏற்பாடு. தன் தலைக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டார்.

நிலை வைப்பதென்றால் வீட்டுக்காரி இருக்க வேண்டும். அவள்தான் நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள், அதன்பிறகுதான் அதைத் தூக்கி நிறுத்துவார்கள். குடிசையானாலும் மாளிகையானாலும் இது மாறாது. நயினாருக்கு இது தெரியாதா? ஆயிரம் நிலை வைத்தவர்.

"மதினி எந்த பஸ்ஸுக்கு வாராங்க?" என்றார் நல்லசிவம், கையில் மாவிலையோடு.

"வரல சாமி. நான் சொல்லல."

"மஞ்சள் யாரு பூசுவா?"

"நீங்களே பூசிருங்க. அவ இப்ப வந்து பார்த்துட்டா அப்புறம் என்ன இருக்கு? முழுசா முடிச்சுட்டுக் காட்டணும்."

குரு மாவிலையைக் கீழே வைத்தார். பிறகு மஞ்சளைக் குழைத்தார். ஒண்டிக்கட்டை பூசிய மஞ்சள் அது, ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் திட்டுத் திட்டாகவும் வந்தது. குங்குமம் நடுவில் விழவில்லை. நயினார் அதையெல்லாம் கவனிக்கவில்லை. நிலையை நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, இம்மி பிசகாமல் நிற்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

சித்திரையில் கூரைக்குப் பனங்கை ஏற்றி ஓலை வேய்ந்தார். வைகாசியில் தரைக்குச் சாணி மெழுகினார். மலைமேல் மேகம் கறுத்து இறங்க ஆரம்பித்தது, இன்னும் ஒரு வாரத்தில் சாரல் பிடித்துவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. நயினார் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று தன் குடிசையைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற குருவுக்கும்தான்.

"அவளை வரச் சொல்லிட்டேன் சாமி. வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் ஆவுடையம்மாள் வந்து இறங்கினாள். கையில் நாலடுக்குத் தூக்குச்சட்டி இருந்தது. பெட்டி இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆவுடையம்மாள் தன் கணவரைவிட நாலு விரல் உயரம். இதுவரை நான் சொல்லாததற்குக் காரணம், நயினார் இதை யாரிடமும் சொன்னதில்லை என்பதுதான். கல்யாணப் போட்டோவில் அவர் ஒரு செங்கல் மேல் நின்றிருக்கிறார், வேட்டிக்கரை அதை மறைத்திருக்கிறது. அதன்பிறகு செங்கல் தேவைப்படவில்லை. அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவளே கொஞ்சம் தோளைக் குறுக்கிக்கொள்வாள். முப்பத்துநாலு வருடத்தில் அது அவளுடைய நடையாகவே ஆகிவிட்டது.

ஓடையைத் தாண்டி வந்து குடிசையைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"இது பூராவும் நீங்களா?"

"நானேதான் ஆவுடை. இந்தக் கையால."

அவள் சுவரில் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே நடந்தாள். "உள்ள வாளா, உள்ள வந்து பாரு" என்று நயினார் முன்னால் ஓடினார். அவள் பின்னாலேயே வந்தாள்.

டொக்கென்று ஒரு சத்தம். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல வந்ததுக்கு வேர்த்துட்டு."

மேடையில் படுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்தாள். முழங்காலை மடக்கிக்கொண்டால் சரியாக இருந்தது. ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கச் சொன்னார். நின்று பார்த்தாள், ஓடையும் கல்லும் தெரிந்தன. குனிந்ததும் மலை தெரிந்தது.

"நல்லா இருக்கு" என்றாள்.

புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டு வந்திருந்தாள். அவருக்குப் போட்டாள், தானும் சாப்பிட்டாள். கை கழுவ வெளியே போனபோது மறுபடியும் அந்தச் சத்தம். நயினார் பொரியலை வழித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணி பஸ் நான் இறங்கின இடத்துலதான நிக்கும்?" என்று வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஆமா. பெட்டியெல்லாம் என்னைக்கு எடுத்துட்டு வரலாம்?"

"தங்கச்சிகிட்ட மாடியைக் காலி பண்ணி வைக்கச் சொல்லிருக்கேன்."

சொன்னதில் கோபம் எதுவும் இல்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கழுவப் போனாள். நயினார் எச்சில் கையோடு குருவின் குடிசைக்கு ஓடினார்.

நல்லசிவம் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, அவ போறா. நாலு மணி பஸ்ஸுக்குப் போறா."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ்ஸைக் கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல சாமி. நான் என்ன குறை வச்சேன்?"

"மதினி நெத்தியில என்ன?"

"நெத்தியிலயா? குங்குமம்."

"அதுக்கு மேல."

நயினார் தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். அவள் நெற்றியை அவர் பார்த்திருக்கவில்லை.

"வீங்கியிருக்கு. தண்ணிக்குப் போகும்போது பார்த்தேன்" என்றார் குரு. "அவங்க உங்களைவிட எவ்வளவு உயரம் அண்ணாச்சி?"

ஓடைச் சத்தம் நின்றிருந்தால்கூட அவர் பதில் காதில் விழுந்திருப்பது சந்தேகம். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"நாலு விரல்."

"நிலைக்கு உயரம் வைக்கும்போது அது ஞாபகம் வரலையா?"

இரண்டு வருடத்தில் முதல்முறையாக நயினாருக்குக் குருவின் மேல் கோபம் வந்தது.

"நீங்கதான சாமி என் உடம்பை வச்சு அளக்கச் சொன்னீங்க? டேப்பைப் பிடுங்கிக் கட்டிட்டு, முழத்தைக் காட்டினது யாரு? நீங்க சொன்னபடிதான செஞ்சேன்! ஒரு விரல் மாத்தலையே!"

நல்லசிவம் கையிலிருந்த களையைக் கீழே போட்டார். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"ஆமா. தப்பு எம்மேலயும் இருக்கு. நான் ஒத்தை ஆளு அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்ச அளவைச் சொல்லிட்டேன். நிலை வச்ச அன்னைக்கு எனக்கு மனசுல உறுத்துச்சு. அன்னைக்காவது உங்களைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும், செய்யல. மன்னிச்சுக்கோங்க."

குரு இப்படி மன்னிப்புக் கேட்பார் என்று நயினார் எதிர்பார்க்கவில்லை. கோபம் வந்த வழியே போய்விட்டது.

"இப்ப நான் என்ன செய்யட்டும் சாமி?"

"எனக்குத் தெரியாதே. தெரிஞ்சவங்க ஓடையில உட்கார்ந்திருக்காங்க."

ஆவுடையம்மாள் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். நயினார் வந்து எதிர்க்கல்லில் உட்கார்ந்தார். இப்போது அவள் நெற்றியைப் பார்த்தார். குங்குமத்துக்கு மேலே இரண்டு இடத்தில் சிவந்து தடித்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"சொல்லியிருக்கலாம்லா ஆவுடை."

"என்னன்னு சொல்ல?" அவள் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "பதினேழு குவார்ட்டர்ஸ்ல குடியிருந்தேன். ஒழுகுச்சு, கரையான் அரிச்சுது, தண்ணி வரல. ஆனா ஒண்ணுலயும் எனக்குத் தலை இடிக்கலங்க. அரசாங்கம் யாரு முகத்தையும் பார்க்காமக் கட்டினது அது. அதுல நான் நேரா நடந்து போனேன். நீங்க ஒவ்வொரு பிடி மண்ணா எடுத்து வச்சு, நாலு மாசம் பாடுபட்டுக் கட்டியிருக்கீங்க. இதுலதான் இடிக்குது. குனிஞ்சு போக எனக்குத் தெரியாதா? முப்பத்துநாலு வருஷமா குனிஞ்சுகிட்டுத்தான இருக்கேன். இனிமேயுமான்னு இருக்கு."

அவள் அழவில்லை. அவர்தான் அழுதார். அறுபத்திரண்டு வயது மனிதர், பாலமெல்லாம் கட்டியவர், எச்சில் காய்ந்த கையோடு ஓடைக்கல்லில் உட்கார்ந்து அழுதார். அவள் அந்தக் கையை இழுத்துத் தண்ணீரில் அலசிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார்.

"வா. சுவரோரமா வந்து நில்லு."

"எதுக்கு?"

"வாளா, சொல்லுதேன்."

அவளைச் சுவரில் முதுகு படும்படி நிறுத்தி, காலடியிலிருந்து சாண் போட்டுக்கொண்டே மேலே வந்தார். தோள்வரை வந்தது. கழுத்துவரை வந்தது. உச்சிக்குக் கை எட்டியது, கண் எட்டவில்லை. குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து போட்டு, அதன் மேல் ஏறினார். பட்டப்பகலில், குருவும் இரண்டு காக்கைகளும் பார்க்க, எல்லோரும் அறிய ஏறினார்.

"குனியாம நில்லு."

"குனியலங்க."

"தோளைக் குறுக்குத. நிமிந்து நில்லு."

ஆவுடையம்மாள் நிமிர்ந்தாள். நயினார் தன் உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் தட்டையாக வைத்து, சுவரில் நகத்தால் ஒரு கோடு கீறினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்யாணமாகி இன்னைக்குத்தான் என்னை நிமிந்து நிக்கச் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

கோடு நிலையைவிட உயரத்தில் இருந்தது. தலைக்கட்டையை உயர்த்த வேண்டுமென்றால் மேலே உள்ள சுவரை உடைக்க வேண்டும், ஓலையைப் பிரிக்க வேண்டும். மழை எந்த நேரமும் வரலாம். திறந்த சுவரில் மழை இறங்கினால் நாலு மாத உழைப்பும் ஓடையோடு போய்விடும். நயினார் அண்ணாந்து கட்டையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். கடைசியாகக் கீழே பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து வந்து, வாசலில், நேற்று மெழுகிய தரையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"ஐயோ, தரை புதுசுல்லா!"

"இருக்கட்டும். தலையை உயர்த்த முடியலைன்னா தரையை இறக்கிருவோம். கோட்டுக்குப் பார்த்தா ரெண்டு விரல் போதும். உனக்குத் தாராளமா இருக்கட்டும், ஆறு விரலா வெட்டிருதேன்."

அவர் வெட்டினார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த ஓலைக் கடகத்தை எடுத்து மண்ணை அள்ள ஆரம்பித்தாள். அள்ளிய மண்ணை வீணாக்காமல் மேடையின் கால்மாட்டில் கொட்டச் சொன்னார் நயினார். அதை நீட்டுவதற்கு அந்த மண்ணே சரியாக இருந்தது. ஜன்னலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். நாளைக்கு என்ற அந்த வார்த்தையைக் கேட்டு அவர் ஒரு கணம் வெட்டுவதை நிறுத்தினார், பிறகு மறுபடி வெட்டினார்.

கீழே ரோட்டில் நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஆவுடையம்மாள் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கடகம் ஓட்டையா இருக்கே. வேற இல்லையா?" என்றாள்.

நல்லசிவம் தன் வீட்டிலிருந்து இன்னொரு கடகமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். மூவரும் வேலை செய்தார்கள். வெயில் தாழ்ந்தபோது தரை ஆறு விரல் இறங்கியிருந்தது. கதவுக்கு அடியில் ஒரு தவளை தாராளமாக வந்து போகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. மஞ்சள் கறையேறிய நிலை மட்டும் அசையாமல் நின்றது.

"இப்ப வாளா" என்றார் நயினார்.

ஆவுடையம்மாள் வெளியே போனாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நிமிர்ந்தபடி உள்ளே நடந்து வந்தாள். உடனே திரும்பி வெளியே போனாள், மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுப்பெண் தோற்றாள்.

"கூரையிலேர்ந்து ஒரு உறி தொங்கவிடணும்" என்று மேலே பார்த்துச் சொன்னாள். "எனக்கு எட்டுற உயரத்துல கட்டிக்கிடுதேன். உங்களுக்கு வேணும்னா என்னைக் கேளுங்க."

நயினாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் முப்பத்தாறு வருடத்து இஞ்சினியர் எத்தனை நேரம்தான் சும்மா இருப்பார்? சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் வாசலில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெளித்தரையைப் பார்த்தார், உள்தரையைப் பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீரை வெளியே ஊற்றினார். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, நேராகக் குடிசைக்குள் ஓடியது. அவருக்கு முகம் வாடிவிட்டது.

ஓடையில் கையைக் கழுவிக்கொண்டிருந்த குருவிடம் போனார்.

"சாமி, உள்தரை இப்ப வெளியைவிடத் தாழ்ந்துபோச்சு. என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு வேலைக்கு நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். நாளைக்கே சாரல் பிடிச்சா தண்ணி நேரா வீட்டுக்குள்ளதான் வரும்."

"வரும் அண்ணாச்சி."

"சும்மா வராது சாமி. கணுக்கால் அளவுக்கு நிக்கும்."

"நிக்கும்."

"அப்ப என்ன செய்ய?"

நல்லசிவம் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். குடிசைக்குள்ளிருந்து ஆவுடையம்மாள், அந்த மேகத்தைப் பார்த்தீங்களா என்று யாருக்கென்று இல்லாமல் சத்தமாகக் கேட்டாள்.

"இறைச்சு ஊத்துங்க" என்றார் குரு. "அதான் ரெண்டு பேரு இருக்கீங்கள்லா."